படவண்டி முதல் மடிதிரை வரை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, நாடக அரங்கின் அமைப்பைச் சொல்லுமிடத்தில் மூவகை எழினிகளைக் குறிக்கிறது. எழினி என்பது திரை. ஒரு புறத்திலிருந்து இழுக்கப்படுவது ஒன்று. இரு புறங்களிலிருந்தும் வந்து நடுவே பொருந்துவது மற்றொன்று. மேலே மறைந்திருந்து வேண்டும்போது இறங்கி வருவது மூன்றாவது. இம்மூன்றாவதற்குக் கரந்துவரல் எழினி என்று பெயர். ஆகவே, கூரையில் ஒளிந்திருந்து இறங்கும் திரை என்னும் கருத்து தமிழ் கற்றோருக்குப் புதியதன்று. வேறுபாடு ஒன்றே. பழைய அரங்கின் திரை நடிகரை மறைத்தது. மோட்டார் வண்டியின் கூரையிலிருந்து இறங்கும் திரையோ நடிகரைக் காட்டுகிறது.

குடும்பத்தோடு செல்லும் ஏழிருக்கை வண்டிகளில், ஓட்டுநரின் இருக்கைக்குச் சற்றுப் பின்னே, கூரையோடு கூரையாகப் படிந்திருக்கும் ஒரு பெட்டியைப் பலரும் கண்டிருப்பர். விரலால் அழுத்தினால் அதன் கீல் திறந்து சிறிய திரையொன்று மடங்கி இறங்கும். பின்னிருக்கையில் உள்ளோர் அதில் படம் பார்ப்பர். இதற்கு இக்கட்டுரையில் மடிதிரை என்று பெயரிட்டுக் கொள்வோம். அப்பெயரின் இலக்கணத்தைப் பின்னர்க் காண்போம்.

இம்மடிதிரை, பணம் படைத்தோரின் அண்மைக்கால ஆடம்பரம் என்றே பலர் எண்ணுகின்றனர். பொருளை மட்டும் நோக்கினால் அஃது உண்மையே. ஆனால், மலாக்கா மாநிலத்துத் தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை, படமும் வண்டியும் கொண்ட உறவு மடிதிரைக்கு அரை நூற்றாண்டு முற்பட்டது. முதலில் வண்டி படத்தைச் சுமந்து கொண்டு மக்களிடம் வந்தது. திரை வெளியே இருந்தது. தோட்டம் முழுவதும் அதன் முன் அமர்ந்தது. பின்னர்த் திரை மெல்ல மெல்ல வண்டிக்குள் புகுந்தது. புகப் புக, அதன் முன் அமர்வோர் தொகை குறைந்தது. என்ன காட்டுவது என்று முடிவு செய்வோரும் மாறினர். இந்த இரண்டு மாற்றங்களே இங்கு ஆராயத் தக்கவை.

மலாக்காவில் ரப்பர்ப் பயிர் வாணிப முறையில் தொடங்கியது 1896ஆம் ஆண்டில். டான் சே யான் என்னும் சீனச் செல்வர் புக்கிட் லிந்தாங்கில் முதன்முதலாக அதனைப் பயிரிட்டார். பின்னர்ப் புக்கிட் அசகானில் பெரிய அளவில் விரித்தார். அடுத்த முப்பதாண்டுகளில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங், டுரியான் துங்கால் ஆகிய ஊர்களைச் சுற்றித் தமிழர் லயங்கள் எழுந்தன. லயத்தில் குடியிருந்த பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். நகரத்துப் படக்கொட்டகையில் இரவுக் காட்சி பார்த்துவிட்டுத் திரும்புவது அவனுக்கு எளிதன்று. பஸ் இல்லை, மிதிவண்டி உள்ளவனும் மண்சாலையில் பல மைல் மிதிக்க வேண்டும். பெண்டிருக்கும் குழந்தைகளுக்கும் படக்காட்சி என்பது பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்டதே. எனவே, படம் தோட்டத்துக்கு வர வேண்டுமானால் அது சக்கரத்தின் மேல் ஏறித்தான் வர வேண்டியிருந்தது.

அவ்வாறு ஊர் ஊராகப் படத்தைக் கொண்டு செல்லும் தொழில் நம்மவர்க்கு அறியாததன்று. திருச்சிராப்பள்ளிப் பொன்மலையில் இரயில்வே அலுவலில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, கூடாரம் அடித்து, ஊர்கள் தோறும் சலனப் படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டிய பிறகே அவருடைய படம் ஓரிடத்தில் நிலைத்தது. மலாயாவிலும் ஷா சகோதரர்கள், கொட்டகை இல்லாத சிற்றூர்களுக்கு ஊர்சுற்றும் படக்காட்சிகளை அனுப்பினர். ஆயினும் இவை கட்டணக் காட்சிகள். தோட்டத்துத் திடலுக்குள்ளேயே கட்டணமின்றிப் படம் வந்தது போருக்குப் பின்னரே.

ஜப்பானியர் ஆட்சி நீங்கியதும், 1946ஆம் ஆண்டில் மலாயாத் திரைப்படப் பிரிவு கோலாலம்பூரில் நிறுவப்பட்டது. அரசாங்கச் செய்திகளை மக்களிடம் சேர்க்கும் இலாகாவும் அதே காலத்தில் சீரமைக்கப்பட்டது. முன்னது படம் எடுத்தது. பின்னது வண்டியில் ஏற்றிச் சென்று காட்டியது. படங்கள் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் விளக்கவுரை பெற்றன. இலங்கை, இந்தியா நீங்கலாகப் பிறிதொரு நாட்டில், அரசாங்கமே தொடர்ந்து தமிழில் படவுரை அமைத்தது சிறப்பாகக் குறிக்கத் தக்க செய்தியாகும். தோட்டத் தமிழன் வெள்ளைத் துரையிடம் கேட்டது ஆணைத் தமிழ். கங்காணியிடம் கேட்டது அதட்டல் தமிழ். படவண்டியின் ஒலிபெருக்கியில் அவன் கேட்டது, திருத்தமாக உச்சரிக்கப்பட்ட எழுத்துத் தமிழ். அதன் உள்நோக்கம் எதுவாயினும், அந்தத் தமிழ் அவனை நோக்கிப் பேசியது.

வண்டியின் அமைப்பு எளியது. 16 மில்லிமீட்டர் படக்கருவி ஒன்று, ஒலிபெருக்கிகள், மின்சாரம் உண்டாக்கும் சிறு எந்திரம், இரண்டு கழிகளுக்கு இடையே இழுத்துக் கட்டும் வெள்ளைத் திரை, இவையே முக்கியமானவை. 16 மில்லிமீட்டர் படச்சுருள் 1923இல் கோடாக் நிறுவனம் கொண்டு வந்தது. எளிதில் தீப்பிடிக்கும் பழைய சுருளைப் போலன்றி இது பாதுகாப்பானது, கனமும் குறைவு. இந்தச் சுருள் இல்லாதிருந்தால் படக்கருவியை ஒரு சிறு வண்டியில் வைத்துச் செம்மண் சாலையில் கொண்டு போக யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். நானூறு அடிச் சுருள் ஏறக்குறைய பதினொரு நிமிடம் ஓடும். நொடிக்கு இருபத்து நான்கு படங்கள். சுருள் மாற்றும் இடைவெளியில் அதிகாரி பேசுவார்; அல்லது கிராமபோன் தட்டு பாடும்.

மலாய்க்காரர் இத்தகைய காட்சியை வாயாங் பாச்சாக் என்றனர். பாச்சாக் என்றால் நட்டு நிறுத்துதல். நட்ட கழிகளில் நின்ற திரை என்பதால் வந்த பெயர். பெயரிலேயே பொருள் முழுவதும் அடங்கிவிட்டது. தமிழர் படவண்டி என்றும், படம் காட்டுகிற வண்டி என்றும் பேச்சில் வழங்கினர்.

பெரட்டுக் களமோ, பந்தாடும் திடலோ, கோயிலின் முன்புறமோ காட்சிக்கு இடமாகும். மாலையிலேயே பாயும் சாக்கும் விரித்து இடம் பிடிப்பர். திரை மெல்லிய துணியாகையால் அதன் பின்புறத்திலும் படம் தெரியும். முன்புறத்தில் இடம் கிடைக்காதவர் பின்னால் அமர்ந்து பார்ப்பதுண்டு. அவர்களுக்கு எல்லாம் இடவலம் மாறித் தோன்றும். தமிழெழுத்துத் தலைப்புகள் கண்ணாடியில் கண்ட எழுத்துப்போல் தலைகீழ் வரிசையில் ஓடும். எழுத்தறியாதவர்க்கு அதனால் குறையொன்றுமில்லை. இந்தப் பின்புறத்து மக்களை நினைவில் வைத்துக் கொள்ளல் நன்று. திரை வண்டிக்குள் புகுந்தபோது முதலில் இடமிழந்தவர் அவர்களே.

1948 ஜூன் 18இல் அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள், அதாவது 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு உணவும் செய்தியும் போகாதிருக்கும் பொருட்டு லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டன, முள்வேலிகள் எழுந்தன, இரவு ஊரடங்கு வந்தது, அரிசிக்கு அளவு வந்தது. 1952இல் ஆணையராக வந்த ஜெனரல் டெம்ப்ளர், துப்பாக்கியைவிட மக்கள் மனமே பெரிதென்று கருதியவர். அவர் காலத்தில் செய்திப் பணி மிகுதியாக வளர்ந்தது. படவண்டிகள் வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் சுற்றின. சரணடைந்தோர் பேசும் காட்சிகள், உடல்நலப் பாடங்கள், செய்திப் படங்கள் ஆகியவை ஓடின. படவண்டி பிரசார வண்டியே என்பதை மறைக்க வேண்டியதில்லை. என்ன பார்க்கலாம் என்று தொழிலாளியை யாரும் கேட்கவில்லை. அவன் பார்த்ததெல்லாம் கோலாலம்பூரில் எவரோ தேர்ந்தது.

எனினும், அக்காலத்தின் மற்றொரு புறத்தையும் சொல்லாவிடில் வரலாறு குறைப்படும். மாலைக்குப் பின் வெளியே தலைகாட்டக் கூடாதென்றிருந்த லயத்து மக்களுக்கு, கூட்டமாக அமர்ந்து சிரிக்க இசைவு பெற்ற இரவுகள் மிகச் சில. கோயில் திருவிழாவுக்கு அடுத்தபடி அத்தகைய இரவு படவண்டி வந்த இரவே. மலாக்காவுக்கு இதில் ஒரு தனிச் சிறப்பும் உண்டு. 1953 செப்டம்பரில், நாட்டிலேயே முதன்முதலாக வெள்ளைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டு, ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது மலாக்காவின் கடலோரப் பகுதிதான். அதன் பிறகு அவ்வட்டாரத்தில் மக்கள் இரவில் கூடுவதற்கு வண்டியின் வருகை தேவைப்படவில்லை. ஆயினும் படவண்டியின் மதிப்புக் குறைந்ததில்லை. 1957இல் விடுதலை வந்தபோது கோலாலம்பூரில் நடந்த விழாவைத் தோட்டத்துத் தமிழன் கண்ணால் காண அதைவிட்டால் வேறு வழியுமில்லை.

1963 டிசம்பர் 28ஆம் நாள் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. தொலைக்காட்சி வந்ததும் படவண்டி மறைந்தது என்று எளிதாக எழுதிவிடுவோர் உண்டு. தோட்டங்களின் நிலை அதுவன்று. பல லயங்களில் நாள் முழுவதும் மின்சாரம் இருந்ததில்லை. எந்திரம் ஓடும் சில மணி நேரமே விளக்கெரிந்த தோட்டங்கள் பல. அதுவும் இல்லாதவை சில. 1970களில் அங்கெல்லாம் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கியது மோட்டார் வண்டியின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. அதனைச் சைக்கிளில் கட்டி ஊருக்குக் கொண்டுபோய் மின்னேற்றிக் கொண்டு வருவர். வார இறுதியில் தமிழ்ப் படம் ஓடும் நேரத்தில் பேட்டரி சோர்ந்துவிட்டால், படம் சுருங்கிச் சுருங்கித் திரையின் நடுவில் நின்றுவிடும். பின்னாளில் தொலைக்காட்சி காருக்குள் ஏறிற்று என்று வியக்கிறோம். அதற்கு முன்பே காரின் பேட்டரி வீட்டுக்குள் இறங்கித் தொலைக்காட்சியைத் தாங்கியிருக்கிறது. தோட்டத்தில் இவ்விரண்டும் பழைய உறவினர்கள்.

ஓடும் வாகனத்தினுள்ளேயே படம் காட்டும் முயற்சி மேல்நாடுகளில் முன்னரே நடந்தது. 1925இல் இங்கிலாந்தின் இம்பீரியல் ஏர்வேஸ் விமானத்தில் ஊமைப்படம் ஒன்று ஓட்டிக் காட்டப்பட்டது. 1935இல் லண்டனிலிருந்து லீட்சுக்குச் சென்ற இரயிலில் படக்காட்சிக்கென்றே ஒரு பெட்டி இணைக்கப்பட்டது. 1961 ஜூலையில் அமெரிக்காவின் டி.டபிள்யூ.ஏ. நிறுவனம் விமானத்தில் முறையாகப் படம் காட்டத் தொடங்கியது. இவையனைத்தும் படச்சுருளைக் கொண்டு செய்தவை. சாலையில் குலுங்கி ஓடும் வண்டிக்கு அவை ஏலாதவை.

சாலை வண்டிக்கு வழி திறந்தது வீடியோ நாடா. 1975இல் சோனியின் பீட்டாமேக்ஸ், 1976இல் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். என இரு முறைகள் ஜப்பானில் பிறந்தன. 1980களில் தமிழகத்தில் சென்னையிலிருந்து மதுரைக்கும் கோவைக்கும் ஓடிய தனியார் பஸ்கள் வீடியோ கோச் என்று தம்மை விளம்பரப்படுத்திக் கொண்டன. ஓட்டுநரின் பின்புறம், உயரத்தில், இரும்புச் சட்டத்துக்குள் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் படம் விழுப்புரம் தாண்டியும் ஓடும். உறங்க விரும்பியவருக்கும் அதுவே தாலாட்டு. திருட்டு நாடாக்களால் கொட்டகைக்காரர் நட்டமடைந்தனர். வீடியோ கருவி வழியே தொலைக்காட்சித் திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு 1984ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியது. மலேசியாவின் விரைவு பஸ்களிலும் அதே பெட்டி, அதே சட்டம், அதே உயரம். ஆனால் ஓடிய படம் ஹாங்காங் படமாகவோ மலாய்ப் படமாகவோ ஆங்கிலப் படமாகவோ இருக்கலாம். மலாக்காவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஏறிய தமிழ்க் குடும்பம், தமக்குப் புரியாத மொழியில் பாதி நாட்டைக் கடக்க வேண்டியதுண்டு.

இதனை நோக்கும்போது பஸ் பெட்டிக்கும் பழைய படவண்டிக்கும் உள்ள வேற்றுமை விளங்கும். அரசாங்கப் படவண்டி, தோட்டத்துக்கு வரும்போது தமிழில் பேச வேண்டும் என்று அறிந்திருந்தது. ஏனெனில் அது மக்களிடம் ஒன்றை எதிர்பார்த்து வந்தது. பஸ்காரர் எதிர்பார்த்தது டிக்கெட்டுக் காசு. அது ஏறும்போதே கைக்கு வந்துவிட்டது. எந்த நாடா என்பது ஓட்டுநரின் விருப்பம்.

தனிக் காருக்குள் திரை புகுவதற்குத் தடையாக இருந்தது, பணத்தைவிடப் பெட்டியின் ஆழமே. பழைய தொலைக்காட்சியின் உயிர் கண்ணாடிக் குழாய். குழாயின் பின்முனையிலிருந்து பாயும் மின்னணுக் கற்றை முன்முகத்தில் மோதி ஒளிரச் செய்ய வேண்டுமாகையால், திரை அகல அகலக் குழாயும் நீள வேண்டும். கனமான அக்கண்ணாடியைப் பயணியின் தலைக்கு மேல் தொங்கவிட்டுக் கொண்டு பள்ளம் மேட்டில் ஓட்ட யார் துணிவர்? விடை திரவப் படிகத்தில் இருந்தது. 1968இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் திரவப் படிகத் திரையை உலகுக்கு அறிவித்தது. 1973இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் அதனைக் கைக் கணக்குப் பொறியில் வைத்தது. 1988இல் அதே நிறுவனம் பதினான்கு அங்குல வண்ணத் திரை செய்து காட்டியபோது, தொலைக்காட்சி புத்தக அட்டை அளவு மெலிய முடியும் என்பது உறுதியாயிற்று. மெலிந்த பின் கீல் வைப்பது தச்சு வேலைதான்.

1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனத்தின் சில்லுவெட் என்னும் குடும்ப வண்டியின் உயர்வகை, கூரையில் மடிந்து இறங்கும் திரையோடும் வீடியோ நாடாக் கருவியோடும் தொழிற்சாலையிலிருந்தே வெளிவந்தது. விரைவில் நாடாவின் இடத்தை டிவிடி தட்டுப் பிடித்துக் கொண்டது. மலேசியாவில் அதற்கிடையே விசிடி தட்டுக்கும் ஒரு காலம் இருந்தது. விசிடியில் ஏறக்குறைய எழுபத்து நான்கு நிமிடப் படமே அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டோ மூன்றோ தட்டுகள் வேண்டும். ஓடும் வண்டியில் தட்டு மாற்றுவது, தந்தை சாலையை விட்டுக் கண்ணெடுப்பதற்கோ தாய் இருக்கையை விட்டு எழுவதற்கோ இடமாயிற்று. டிவிடி அந்த இடையூற்றை நீக்கியது. 2009 ஏப்ரலில் புரோட்டோன் நிறுவனம் எக்ஸோரா என்னும் ஏழிருக்கை வண்டியை வெளியிட்டது. அதன் உயர்வகையில் கூரைத் திரை இணைந்தே வந்தது. உயர்வகை வாங்க இயலாதவர் வண்டி அலங்காரக் கடைகளில் தனியே வாங்கிப் பொருத்திக் கொண்டனர்.

கருவியைப் பற்றி இரண்டொரு சொல். மடிதிரைக்கு வேண்டிய மின்சாரம், அந்தப் பழைய பன்னிரண்டு வோல்ட் பேட்டரியே. ஒலியை வண்டியின் வானொலி வழியே அனுப்புவதற்குச் சில கருவிகளில் சிற்றலைபரப்பி ஒன்று உண்டு. கம்பியில்லாத காதுக்கருவிகளோடு வருவனவும் உண்டு. காதுக்கருவி வந்தால் முன்னிருக்கை வேறு, பின்னிருக்கை வேறு எனப் பிரிந்துவிடும். படத்தின் ஒலி வண்டி முழுவதும் கேட்டாலோ, ஓட்டுகின்ற தந்தையும் பாதிப் படத்தைக் காதாலேயே கண்டுவிடுவார். ஓட்டுநர் கண்ணில் திரை படக்கூடாதென்பது பல நாடுகளில் விதி. பிரிட்டன் 1986ஆம் ஆண்டின் வண்டி அமைப்பு விதிகளில் இதனை வகுத்துள்ளது. பெரிய திரையை இறக்கினால் பின்புறம் காட்டும் நடுக்கண்ணாடி மறைபடுவது மற்றொரு குறை. குழந்தைகளில் சிலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரும். காதின் உட்பகுதி உடல் அசைவதை உணர்கிறது. கண்ணோ அசையாத திரையில் ஊன்றியிருக்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்படவே உடல் மயங்குகிறது. இவற்றால் எல்லாம் விற்பனை குன்றியதாகத் தெரியவில்லை.

வண்டிக்குள் புகுந்த திரை தமிழ்க் குடும்பத்துக்குச் செய்தது என்ன? இதற்கு விடை காண, தோட்டங்களின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டனர். சில தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. பிள்ளைகள் ஆயர் குரோவுக்கும், கோலாலம்பூருக்கும், ஜொகூர் பாருவுக்கும் பெயர்ந்தனர். முதியோர் தோட்டத்தோரத்துச் சிறு வீடுகளில் நின்றனர். 1994இல் வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றபின், குடும்பம் ஒன்றுசேர்வது என்பது பெரும்பாலும் கார்ப் பயணம் என்றாயிற்று. தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வருவதும், தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போவதும் அந்தச் சாலையில்தான். ஒரு வாரத்தில் தாத்தா பாட்டியோடு பேரப்பிள்ளை ஓரிடத்தில் அடைபட்டிருக்கும் நேரம் அப்பயணமே. அந்நேரத்தில் கதை கேட்ட பிள்ளை, மடிதிரை இறங்கியதும் கதை கேட்பதை நிறுத்திவிட்டது என்பது பெரியோர் பலர் சொல்லும் குறை.

குறையில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையன்று. படவண்டி வந்த இரவிலும் பாட்டி கதை சொல்லவில்லை. அவளும் திரையைத்தான் பார்த்தாள். மேலும், அக்கதைகள் தமிழ்ப் பேச்சுக்கு வளம் தந்தன என்றால், கூரைத் திரையில் ஓடிய தமிழ்ப் படமும் ஓரளவு தந்ததென்றே கொள்ள வேண்டும். பஸ்ஸில் ஓட்டுநர் தேர்ந்த நாடாவுக்குக் கட்டுப்பட்டிருந்த குடும்பம், தன் காரில் முதன்முறையாகத் தானே தேர்ந்தது. நாற்பது ஆண்டுகளாகப் பிறர் தேர்ந்து காட்டியதைப் பார்த்த மக்களுக்கு இது சிறு செய்தியன்று. தேசிய மொழியிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் நண்பரோடு பேசும் தமிழ்ச் சிறுவன், இரண்டு மணி நேரம் தமிழ் வசனம் கேட்பதற்கு அந்த வண்டியில் இடமிருந்தது. அவ்வசனம் எத்தகைய தமிழ் என்பது வேறு கேள்வி. தமிழாசிரியர்கள் அதற்கு விடை சொல்லிக் களைத்திருக்கின்றனர்.

எந்தப் படம் என்ற வழக்கு, இனிக் குடும்பத்துக்குள்ளேயே நடந்தது. தாத்தாவுக்குச் சிவாஜி, மகளுக்குப் புதிய படம், பேரனுக்கு ஆங்கிலக் கேலிச்சித்திரம். திரை ஒன்றே ஆகையால் தீர்ப்பும் ஒன்றே. மலாக்காவிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 145 கிலோமீட்டர். ஒரு தமிழ்ப் படம் முடியுமுன் ஊர் வந்துவிடும். எனவே போகும்போது ஒருவர் படம், வரும்போது மற்றொருவர் படம் என்று உடன்படிக்கை செய்து கொண்ட வீடுகளும் உண்டு. உச்சக்கட்டம் பாராமலே இறங்கிய கதை எத்தனையோ.

இனி, பெயரின் இலக்கணம். மடிகின்ற திரை மடிதிரை. மடிந்த திரையும் மடியும் திரையும் அதுவே. முக்காலத்துக்கும் பொதுவாதலின் இது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பது நன்னூல் கற்பிக்கும் ஆசிரியர் அறிந்ததே. ஆதலின் ‘மடிதிரை’ என்று ஒற்றின்றி எழுதுதல் வேண்டும். ஒரு தகர ஒற்றை இடையில் இட்டு ‘மடித்திரை’ என்று எழுதினால் பொருள் வேறாகிவிடும். அப்போது மடி என்பது பெயர்ச்சொல். மடியில் வைத்த திரை என்று ஏழாம் வேற்றுமை விரியும். மடிக்கணினி என்பதில் ககரம் மிகுந்தது அவ்வாறே. எழுத்துப் பிழையென்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போகத் தக்க இந்த ஓர் ஒற்று, வண்டிக்குள் நேர்ந்த அடுத்த மாற்றத்தை அப்படியே காட்டி நிற்கிறது.

2010ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபேட் வந்தது. அதனை ஒத்த பலகைகள் மலிந்தன, கைப்பேசிகளும் அகன்றன. கூரையிலிருந்த மடிதிரை மடங்கியபடியே இருந்தது; ஒவ்வொருவர் மடியிலும் ஒரு மடித்திரை அமர்ந்தது. வழக்கும் தீர்ந்தது. தாத்தாவின் படத்தைப் பேரன் பார்க்க வேண்டியதில்லை. பேரனின் கேலிச்சித்திரத்தைத் தாத்தா பொறுக்க வேண்டியதில்லை. காதில் ஒலிக்கருவி, கையில் படம். ஒரே வண்டியில் நான்கு மொழிகளில் நான்கு படங்கள் ஓடலாம். தமிழ்ப் படத்தை எல்லோரும் கேட்கும்படி வைத்தாக வேண்டிய கட்டாயமும் அத்துடன் போயிற்று. கதைக்கு விடை தந்தது மடிதிரை என்று வருந்தியவர்கள், மடிதிரைக்கே விடை தரும் நாளை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தொடக்கத்தில் சொல்லப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவு, மலேசியா அமைந்தபின் பிலேம் நெகாரா என்று பெயர் பெற்று நெடுநாள் இயங்கி, 2013இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமாகிய பினாஸோடு இணைந்தது. படவண்டிகள் எந்தெந்தத் தோட்டத்தில் எந்தெந்த இரவில் நின்றன என்பதை நேரில் கண்டோர் எண்பதைக் கடந்துவிட்டனர். மலாக்கா மாநிலப் பள்ளிகளில் மாணவர் தம் பாட்டன் பாட்டியிடம் கேட்டு எழுதி வரத் தக்க பாடம் இது. ஜாசின் வட்டாரத்தில் மட்டும் தொடங்கினாலும் ஒரு நூலுக்குச் செய்தி கிடைக்கும்.

ஏழிருக்கை வண்டியில் முதியவர் பெரும்பாலும் நடுவரிசையில் அமர்வார். ஆனால், இரு குழந்தைகளுக்கு நடுவரிசையைக் கொடுத்துவிட்டு, மூட்டு வலியோடு மூன்றாம் வரிசைக்கு ஏறிச் செல்லும் பாட்டிமாரும் உள்ளனர். கூரைத் திரை இறங்கியிருந்தபோது அந்த மூன்றாம் வரிசைக்கும் படம் தெரிந்தது. இருக்கைகளின் தலைமுட்டுகளுக்கு இடையே சற்றுக் கழுத்தை நீட்டினால் போதும், திரைத் துணிக்குப் பின்னால் அமர்ந்தவருக்குத் தெரிந்ததுபோல. முன்னால் அமர்ந்திருக்கும் பேரனின் மடியில் என்ன ஓடுகிறது என்பது அங்கிருந்து தெரிவதில்லை.